துணி நனைக்காத சமத்துப் பிள்ளை

வாருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கைவேலை இருந்தால் மடியில் வைத்துக்கொண்டே கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் முன்னால் வரட்டும். பிள்ளை நடுவில் அழுதாலும் பரவாயில்லை, நனைத்தாலும் பரவாயில்லை. நனைப்பதைப் பற்றித்தான் கதையே. பயந்துவிடாதீர்கள், முடியும்போது சிரித்த முகத்தோடுதான் எழுந்து போவீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

ஒரு தெருமுனையில் ஒரு சலவைக்கடை இருந்தது. பின்பக்கம் துவைக்கிற மெஷின்கள் நாளெல்லாம் கடகடவென்று சுற்றும். நடுவில் துணி மடிக்கிற நீள மேஜை. முன்பக்கம் இஸ்திரி. ஓட்டல் விரிப்பு, பள்ளிக்கூடச் சீருடை, ஆபீஸ் சட்டை என்று மலை மலையாகத் துணி வரும். கடைக்கு மேலேயே வீடு. கீழே ஆவி எழும்பினால் மேலே ஜன்னல் கண்ணாடி வியர்க்கும்.

கடையை நடத்தியது அக்காவும் தம்பியும். தம்பி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் சட்டைக் காலர் தானாக நிமிர்ந்து நிற்கும். அவன் தலை மட்டும் நிமிராது. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவன். அக்காதான் தூக்கி வளர்த்தாள். அதனால் அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது. தெருவே அவளைப் 'பெரியக்கா' என்றுதான் கூப்பிடும். பெரியக்காவிடம் ஒரு வித்தை இருந்தது. துணியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். "இது காயல, திருப்பிப் போடு" என்பாள். அல்லது "இஸ்திரிக்குப் போகலாம்" என்பாள். அவள் கன்னம் சொன்னதை மெஷின்கூட மறுத்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு பையன் பிறந்தான். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தலைச்சன் பிள்ளை. கடையில் அன்றைக்கு வந்த துணிக்கெல்லாம் கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பெரியக்கா. மறுநாள்தான் அவளுக்கு மயக்கம் தெளிந்தது.

பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்த வாரத்திலேயே ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தாள். இடுப்பில் கட்டிய துணியை அவிழ்த்து வழக்கம்போலக் கன்னத்தில் ஒற்றினாள். லேசான ஈரம், அவ்வளவுதான். அடுத்த துணியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"டேய் தம்பி, இங்க பாருடா! சலவைக்கடைப் பிள்ளைன்னா சும்மாவா? அத்தை ஏற்கெனவே துவைச்சுத் துவைச்சு ஓஞ்சு போயிருக்கா, நாம வேற எதுக்குன்னு நினைச்சிட்டான் பாரு. சமத்து! என் சமத்துக்குட்டி!"

அன்றிலிருந்து பிள்ளைக்கு அதுதான் பெயர். துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெரியக்கா பெருமை அடித்தாள். "நாள் முழுக்கப் பாருங்க, ஒரு துணி சொட்டச் சொட்ட நனைஞ்சது கிடையாது." கேட்டவர்களும் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, மழைக்காலம் மாதிரி என்றார்கள். துவைத்து வாழ்கிற வீட்டில் நனைக்காத பிள்ளை கிடைத்தால் கொண்டாடாமல் என்ன செய்வார்கள், சொல்லுங்கள்.

பெற்றவளுக்கு மட்டும் அந்தக் கொண்டாட்டம் ஒட்டவில்லை.

காரணம் இருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கடைசி மாதங்களில் எடுத்த ஸ்கேனில், "குழந்தையோட ரெண்டு சிறுநீரகமும் கொஞ்சம் வீங்கின மாதிரி தெரியுது. பயப்படாதீங்க, நிறையக் குழந்தைகளுக்குத் தானாவே சரியாயிடும். ஆனா பிறந்ததும் இதைச் சொல்லி இன்னொரு ஸ்கேன் கண்டிப்பா எடுக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். புருஷனும் பக்கத்தில் நின்று கேட்டான். வீட்டுக்கு வந்து சொன்னபோது பெரியக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "வயித்துல இருக்கிற பிள்ளைக்கு நோயா? வாயால சொல்லிச் சொல்லியே வரவழைப்பீங்க போலிருக்கே! இதோட விடுங்க இந்தப் பேச்சை."

விட்டுவிட்டார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பெற்றவளைப் பார்த்து, "பையன் நல்லா ஒண்ணுக்குப் போறானாம்மா?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "போறான் போறான், துணியெல்லாம் ஈரம்தான்" என்று பெரியக்கா முந்திக்கொண்டாள். ஸ்கேன் விஷயத்தைச் சொல்லலாமா என்று தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்கா கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். அவன் தலையைக் குனிந்து பையைத் தூக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு பெற்றவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஒண்ணுக்குப் போகும்போது முகம் சிவந்து முக்குகிறான். அப்புறம் ஒரு சொட்டு, நிறுத்தி இன்னொரு சொட்டு. துணி எப்போதும் கசகசவென்று இருக்கும், ஒருநாளும் நனையாது. பால் குடித்தால் பாதி வெளியே வந்துவிடும். பிறந்தபோது இருந்த கன்னச் சதைகூட வற்றி வந்தது.

"அண்ணி, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா?" என்று பெரியக்காவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எதைக் காட்டப் போறே? ஒண்ணுக்குச் சொட்டுதுன்னா? கேட்கிறவங்க சிரிப்பாங்க. முதல் பிள்ளைன்னா இப்படித்தான் தும்மினாலும் பயமா இருக்கும். போம்மா, போய்க் கொஞ்சம் தூங்கு."

அவள் புருஷனைப் பார்ப்பாள். அவன் காலரைப் பார்ப்பான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, கடையில் வேலை மும்முரம். பஸ் டிரைவரின் மனைவி புருஷனின் சீருடையை வாங்க வந்தாள். வாயாடி, ஆனால் மனசு வெல்லக்கட்டி. கையில் அவள் பையன். நம் சமத்துக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

"பெரியக்கா, இவனுக்குத் துணி மாத்தணும், மேஜையில ஒரு ஓரமாப் போட்டுக்கட்டுமா?"

"போடு போடு. அந்தச் சட்டைப் பக்கம் மட்டும் போகாதே, பேங்க் மேனேஜரோடது. இப்பதான் தம்பி தேய்ச்சு வச்சான்."

பிள்ளையைப் படுக்கவைத்து இடுப்புத் துணியை அவிழ்த்ததுதான் தாமதம். சர்ரென்று ஒரு வீச்சு! மேஜை விளிம்பைத் தாண்டி, வளைந்து, எழும்பி, அடுக்கி வைத்த வெள்ளைச் சட்டைகளின் மேல் நேராகப் போய் விழுந்தது. டிரைவர் மனைவி கையால் மறைக்கப் பார்த்தாள்; அது விரலிடுக்கில் பிரிந்து இரண்டு பக்கமும் அடித்தது. பிள்ளையோ பொக்கை வாயைத் திறந்து கையைக் காலை ஆட்டியது.

"ஐயையோ, மேனேஜரை முழுக்காட்டிட்டானே!" பெரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பிகூட இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"மன்னிச்சுக்குங்க பெரியக்கா. இவன் எப்பவும் இப்படித்தான். வீட்டுல எதிர்ச் சுவரு வரைக்கும் போகும். அவங்கப்பா சொல்வாரு, பஸ் கழுவுறதுக்குத் தண்ணியே வேண்டாம், இவனை நிறுத்தி வச்சாப் போதும்னு."

சிரிப்புச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து பெற்றவள் இறங்கி வந்தாள், தோளில் தன் பிள்ளையோடு. மேஜையைப் பார்த்தாள். ஈரச் சட்டையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க பிள்ளை தினமும் இப்படியா போறான்?"

"தினமுமா? நாளெல்லாம்! ஆம்பளைப் பிள்ளைன்னா இப்படித்தானே அடிக்கும். ஏன், உங்க பையன் அடிக்க மாட்டானா?"

"ஒரு தடவைகூட இல்ல," என்றாள் அவள். "சொட்டுச் சொட்டாத்தான் வருது. முக்கி முக்கி. இன்னைக்குக் காலையில இருந்து பாலும் குடிக்கல."

"எங்க பிள்ளை சமத்துன்னு..." என்று பெரியக்கா ஆரம்பித்தாள்.

"என்னங்க, நீங்க தொட்டுப் பாருங்க," என்று பெற்றவள் புருஷனிடம் திரும்பினாள். கண் அவனை விட்டு நகரவில்லை.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிள்ளையின் சட்டையை விலக்கித் தொப்புளுக்குக் கீழே விரலை வைத்தான். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பந்து, கெட்டியாக, மேலே எழும்பி நின்றது. பிள்ளை சிணுங்கியது. அழக்கூடத் தெம்பில்லாத சிணுங்கல். ஆவி பறக்கிற அந்தக் கடையிலும் அவனுக்குக் குளிர்ந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்."

"என்னடா நீயும்? ஒண்ணுக்குக் கோளாறுன்னு ஆம்பளைப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும். நாளைக்கு இவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பாங்க?"

"பெரியக்கா," என்றாள் டிரைவர் மனைவி, "முதல்ல அவன் பால் குடிக்கட்டும். பொண்ணு அப்புறமாப் பார்க்கலாம்."

பெரியக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஆயுசில் முதல் தடவையாக அந்தத் தம்பி அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"ஸ்கேன்ல சொன்னப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. அது உன் தப்பு இல்லக்கா, என் தப்பு. இப்ப வழியை விடு."

அவன் கத்தவில்லை. அதனால்தானோ என்னவோ, பெரியக்கா நகர்ந்தாள். நகர்ந்ததோடு நிற்காமல் கடையை இழுத்துச் சாத்திவிட்டுக் கூடவே ஓடி வந்தாள்.

டிரைவரின் பஸ் அந்த நேரத்துக்கு முனைக்கு வரும், ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். டிரைவர் மனைவி நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஏங்க, நிறுத்துங்க! சலவைக்கடைப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வரலையாம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று பெரியக்கா பொத்திப் பொத்தி வைத்த விஷயம் ஒரே மூச்சில் எல்லா இருக்கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஒருத்தி பிள்ளைக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்தாள். "சீக்கிரம் ஓட்டுப்பா" என்று பின்னாலிருந்து நாலு குரல். பெரியக்காவுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஒரு அம்மாள். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி, பிள்ளையின் அடிவயிற்றைத் தொட்டதுமே அவர் புருவம் ஏறியது.

"ஒண்ணுக்கு நேரா வேகமா வருதா, சொட்டுதா?"

பெரியக்காவின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. அப்புறம் தானே மூடிக்கொண்டது. "அவகிட்ட கேளுங்க டாக்டர்," என்றாள். "பார்த்தது அவதான். அன்னைக்கு நர்ஸ் அவளைக் கேட்டதுக்கு நான் பதில் சொன்னேன். அதான் இங்க வந்து நிக்கறோம்."

பெற்றவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கேனில் சொன்னதைத் தம்பி சொன்னான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டரம்மா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளையோட மூத்திரக் குழாய்க்குள்ள, பிறக்கும்போதே, ஒரு மெல்லிசான சவ்வு குறுக்கே இருக்கு. ஆம்பளைப் பிள்ளைங்க சிலருக்கு இப்படி வரும். பையில நிறைஞ்சது வெளியே போக முடியல. அதனால மேல சிறுநீரகம் வரைக்கும் அழுத்தம்."

"மெஷின்ல கழிவுத் தண்ணிக் குழாய் மடங்கிக்கிட்டா தண்ணி உள்ளேயே நிக்குமே, அந்த மாதிரியா டாக்டர்?" என்று கேட்டான் தம்பி.

"அதே மாதிரிதான். தண்ணி நின்னா உங்க மெஷின் மோட்டார் என்ன ஆகும்?"

"எரிஞ்சுபோகும் டாக்டர்," என்றான் தம்பி. 

"சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல கழிவு ஏறியிருக்கு. முதல்ல ஒரு மெல்லிய டியூப் விட்டுத் தேங்கினதை இறக்கணும். உப்புச் சத்தைச் சரிபண்ணணும், கிருமி ஏறாம மருந்து குடுக்கணும். உடம்பு தேறினதும் சின்னக் கருவியை உள்ளே விட்டு அந்தச் சவ்வை எடுத்துடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டாம். எவ்வளவு மீளும்னு இப்பவே சொல்ல மாட்டேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு மட்டும் கேட்காதீங்க."

"நான் சமத்துன்னு..." என்று ஆரம்பித்தாள் பெரியக்கா.

"சமத்துக் குழந்தை துணியை நல்லா நனைக்கும்மா," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

டியூப் போட்டார்கள். கட்டிலோரம் தொங்கிய பிளாஸ்டிக் பையில் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, அப்புறம் மளமளவென்று. போகிற தண்ணீருக்கு ஈடாக ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். பெரியக்கா அந்தப் பையை விட்டு நகரவில்லை. வாழ்க்கை முழுக்க ஈரத்தோடு சண்டை போட்டவள், ஒவ்வொரு கோடாக ஏறுகிற அந்த மூத்திரத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். "ஏறிடுச்சு! இன்னொரு கோடு ஏறிடுச்சு!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

"பெரியம்மா, மத்தப் பிள்ளைங்க தூங்குது," என்றாள் நர்ஸ்.

"எழுந்திரிக்கட்டும். நல்ல சேதிதானே!"

அடுத்த கட்டிலுக்காரர்களும் இந்தப் பையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெற்றவளின் முகத்தில் வெகு நாளுக்குப் பிறகு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிள்ளை பால் குடித்தான். குடித்தது உள்ளேயே தங்கியது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரம்மாவின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு ஒரு காலையில் அந்தச் சவ்வை எடுத்தார்கள். தம்பி கதவுக்கு வெளியே நின்று, சட்டைக் காலரைத் தடவித் தடவி மடிப்பையே கலைத்துவிட்டான்.

சில நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். இனிமேல் பிள்ளை தானாகப் போக வேண்டும். அதுதான் பரீட்சை. அக்கா, தம்பி, பெற்றவள், டிபன் டப்பாவோடு வந்திருந்த டிரைவர் மனைவி எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.  டாக்டரம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை முகத்தைச் சுளித்தான். பெற்றவள் புருஷனின் கையைப் பிடித்தாள். பிள்ளை முக்கப்போகிறான் என்று நினைத்தாள்.

முக்கவில்லை. சர்ரென்று ஒரு வீச்சு! நேராக டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டின் மேல்!

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் பெரியக்கா. தம்பி அழுதுகொண்டே சிரித்தான். டிரைவர் மனைவி கைதட்டினாள், வார்டே கைதட்டியது. "டாக்டர், அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க. ஆயுசுக்கும் உங்க கோட்டை நான்தான் துவைப்பேன்!" என்றாள் பெரியக்கா.

"துவைக்கிறது இருக்கட்டும்," என்று சிரித்தபடியே கோட்டைக் கழற்றினார் டாக்டரம்மா. "நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு சிறுநீரகம் நல்லா மீண்டு வந்திருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கும். அதனால இவன் வளர்ந்து பெரியவன் ஆனாலும் அப்பப்ப பரிசோதனைக்கு வரணும். காய்ச்சல் வந்தா வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே தூக்கிட்டு வரணும். முழுசாச் சரியாயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பி விட்டுடாதீங்க. ஆனா இவன் ஓடுவான், ஆடுவான், உங்களை ஒரு வழி பண்ணுவான்."

"பண்ணட்டும்," என்றார்கள் வீட்டார் மூன்று பேரும் ஒரே குரலில்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளை போட்ட ஆட்டம் இருக்கிறதே! ஒரு நாளைக்கு எத்தனை துணி என்று எண்ண ஆளில்லை. ஓட்டல் விரிப்புக்குக் கொடியில் இடம் போதவில்லை. சமத்து என்ற பெயர் போய், பெரியக்காவே 'வம்பன்' என்று வைத்தாள். கொஞ்சல்தான்.

ஒரு நாள் தூரத்து உறவில் ஒரு சித்தப்பா பிள்ளையைப் பார்க்க வந்தார். கடையில் துணி வாங்க ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் பெரியக்காவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு என்னமோ... அந்த இடத்துல கோளாறாமே? யாராவது கேட்டா காய்ச்சல்னு சொல்லிவைம்மா. நம்ம வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம்."

மடித்துக்கொண்டிருந்த துணியை மேஜையில் வைத்தாள் பெரியக்கா. இடுப்பில் கையை ஊன்றினாள். குரலை அவர் தாழ்த்திய அளவுக்கு இவள் உயர்த்தினாள்.

"காய்ச்சல் இல்ல சித்தப்பா. மூத்திரக் குழாயில அடைப்பு. மூத்திரம்னு சத்தமாவே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கட்டும். வயித்துல இருக்கும்போதே ஸ்கேன்ல சொன்னாங்க, நான் வாயை மூடச் சொன்னேன். பெத்தவ சந்தேகம்னு சொன்னா, நான் தூங்கப் போகச் சொன்னேன். சொட்டுச் சொட்டாப் போன பிள்ளையைச் சமத்துன்னு கொஞ்சினேன். அவன் சிறுநீரகம் ரெண்டும் உள்ளே கெட்டுக்கிட்டிருந்துச்சு. வெட்கத்துக்குப் பயந்து பிள்ளையையே பறிகுடுத்திருப்பேன்."

 துணி வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்துத்தான் பெரியக்கா மீதியைச் சொன்னாள்.

"கேட்டுக்கோ கண்ணு. ஸ்கேன்ல எதாவது சொன்னா ஒளிக்காதே, பிறந்ததும் டாக்டர்கிட்ட சொல்லு. ஒண்ணும் இல்லாமப் போகலாம், ஆனா பார்த்தாத்தானே தெரியும்? பிள்ளை எப்படிப் பால் குடிக்குதுன்னு பார்க்கிற மாதிரி எப்படி ஒண்ணுக்குப் போகுதுன்னும் பாரு. பெத்தவ மனசுல ஒண்ணு உறுத்துச்சுன்னா வீட்டுல பெரியவங்க அதைக் கேட்கணும், அடக்கக் கூடாது. பிள்ளை உடம்புல வெட்கப்பட வேண்டிய இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தெரிஞ்சும் பேசாம இருந்தோம் பாரு, அதுக்குத்தான் நான் வெட்கப்படறேன்."

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.  அப்புறம், முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக, "எங்க வீட்டுலயும் மருமக போன வாரம் பேரனைப் பத்தி ஏதோ சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல," என்றார். "அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லும்மா."

பெரியக்கா அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் நிற்கிற முனையைக் காட்டினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளே கதை. எழுந்து போகிற உங்கள் வீடுகள் நிறைந்திருக்கட்டும். பிள்ளைகள் வயிறாரக் குடிக்கட்டும், குறையில்லாமல் நனைக்கட்டும். உங்கள் கொடியில் சின்னச் சின்ன ஈரத்துணிகள் நாளெல்லாம் ஆடட்டும். உங்கள் வீட்டுப் பெண் வாய் திறந்தால் கேட்கிற காதுகள் அங்கே இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.